நண்டுமேடு பப்ளிக் போன்

ரேஷன் கார்டில் திரௌபதி என்றுதான் இருக்கிறது. ஆனால் நண்டுமேட்டுக்கு வந்து திரௌபதி வீடு எது என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். போன் துரோபதை என்று கேட்க வேண்டும். சின்ன வயதில் அவளுக்கு நொண்டி துரோபதை என்று பேர். போலியோவில் சூம்பிய இடது காலை இழுத்துக்கொண்டு அவள் கரைக்கு வந்தாலே பிள்ளைகள் பின்னால் அதே மாதிரி நடந்து காட்டுவார்கள். வீட்டு வாசலில் சிவப்புப் பெட்டி வந்த அன்றைக்கு அந்தப் பேர் செத்தது. ஒரு சாமானால் ஒருத்தியின் பேரே மாறியதென்றால், அதை அவள் எப்படி வைத்துக்கொண்டிருப்பாள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

சுண்ணாம்புக்குளத்திலிருந்து ஏரியைப் பார்த்துப் போனால் சாலை செத்துப்போகிற இடம் நண்டுமேடு. இருட்டினால் தெரிகிற எதிர்க்கரை விளக்கெல்லாம் ஆந்திராவினுடையது. அந்தக் காலத்தில் ஒரு போன் பேச வேண்டுமென்றால் பஸ் பிடித்துப் போக வேண்டும். ஊனமுற்றோருக்கான ஒதுக்கீட்டில் துரோபதைக்குப் பொதுத் தொலைபேசி கிடைத்தபோது, கம்பத்திலிருந்து கம்பி இழுக்கிறதை வேடிக்கை பார்க்க ஊரே கூடியது.

கூட வந்த அதிகாரி ஒரு தகர போர்டைத் தன் கையாலேயே சுவரில் ஆணி அடித்து மாட்டினார். ‘அவசர அழைப்புகளுக்குக் கட்டணம் இல்லை.’

"இத பாரும்மா. இது உன் போன் இல்ல, ஊர் போன். போலீஸ், தீயணைப்பு, ஆஸ்பத்திரி வண்டி, இதுக்கெல்லாம் காசு கேக்கக்கூடாது. காசு போடாமலே போவும். எந்நேரத்துக்கு வந்து தட்டினாலும் கதவத் தொறக்கணும். முடியாதுன்னு நீ சொன்னா, போன எடுத்துடுவோம். சட்டம்."

சொல்லிவிட்டு, காசு போடாமல் அவளையே எண்ணை அழுத்தச் சொன்னார். எங்கேயோ சென்னையில் ஒரு குரல் "வணக்கம், சொல்லுங்க" என்றது. துரோபதை போனைக் கையில் பிடித்தபடியே நின்றாள். ஒரு ரூபாய் கூட இல்லாத கைக்கு அரசாங்கம் பதில் சொல்கிறது. அவளுக்குத் தெரிந்த சட்டம் அது ஒன்றுதான். அந்த ஒன்றை அவள் கோயில் விளக்கு மாதிரி காப்பாற்றினாள். காய்ச்சலில் கிடந்தாலும் எழுந்து கதவைத் திறப்பாள். மணி அடித்தால் எடுத்து, "நண்டுமேடு பப்ளிக் போன்" என்பாள். ஹலோ எல்லாம் கிடையாது.

நாகப்பன் அவளுக்குப் புருஷனாக வந்ததும் இந்தப் போனால்தான். அந்தக் கதையைச் சொல்ல வேண்டுமானால் ஏரிக்காரர்களின் வார்த்தை ஒன்றை முதலில் சொல்லியாக வேண்டும்.

பழவேற்காட்டு ஏரியில் யார் எந்த இடத்தில் வலை கட்டுவது என்பதை ஊர் கூடிச் சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்வார்கள். அந்த இடத்துக்குப் பாடு என்று பேர். முதல் பாடு, இரண்டாம் பாடு, மூன்றாம் பாடு. உன் நைனா எங்கே என்று கேட்டால், ‘மூணாம் பாட்டுல கீறாரு’ என்று மூன்று வயதுப் பிள்ளை கூடச் சொல்லும். ஏரிக்காரனுக்கு அதைவிடத் துல்லியமான விலாசம் கிடையாது.

ஒரு ஐப்பசியில் காற்று திரும்பிப் படகொன்று கவிழ்ந்தது. நாகப்பன் ஈர உடம்போடு ஓடிவந்து, வாழ்க்கையில் முதல் தடவையாகப் போனைத் தொட்டான்.

"யம்மா, ரெண்டாம் பாட்டுல ஆளு மாட்டிக்கினு கீறாங்கம்மா!"

"எந்தப் பாட்டு சார்?" என்றது எதிர்முனை.

"ரெண்டாம் பாட்டும்மா!"

"சார், இது அவசர நம்பர். பாட்டெல்லாம் இங்க கேக்கக்கூடாது."

படகுக்காரர்களை ஊராரே மீட்டுவிட்டார்கள். ஆனால் நாகப்பன் தப்பவில்லை. மெட்ராஸுக்குப் போன் போட்டால் முதலில் பாடிக் காட்ட வேண்டுமாம் என்று ஊர் அவனை வறுத்தெடுத்தது. துரோபதை மட்டும் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு அவனைக் கூப்பிட்டு, "பாடு கீடுன்னா அவங்களுக்கு இன்னாய்யா தெரியும்? ஊர் பேரு, பக்கத்து ஊரு, தாலுகா, இத்த சொல்லணும். எங்க, சொல்லு பாப்போம்" என்று கற்றுக்கொடுத்தாள். அதிலிருந்து ஊரில் யார் போனைத் தொட்டாலும் அவள் சொல்கிற முதல் வார்த்தை அதுதான்: "பாட்ட சொல்லாத, ஊர சொல்லு."

அதற்கப்புறம் நாகப்பன் தினம் வந்து போன் பேசினான். ஒரு காதைப் பொத்திக்கொண்டு, ஏரிக்கரை முழுக்கக் கேட்கிற மாதிரி பேசினான். கொஞ்ச நாள் பார்த்துவிட்டு அவள் கேட்டாள்.

"யோவ், எதிர்ப்பக்கம் எடுத்தாத்தான் பெட்டியில காசு வுழும். உனக்கு ஒரு நாளும் வுழலியே. யாரு கூடய்யா பேசற?"

அவன் போனை மாட்டிவிட்டு, "உன் கூடத்தான்" என்றான்.

பிறகு எல்லாருடைய இடுப்பிலும் செல்போன் வந்து உட்கார்ந்தது. சிவப்புப் பெட்டி வெளுத்து ரோஜா நிறமானது. எதற்கு இன்னும் இதைத் துடைத்துக்கொண்டிருக்கிறாய் என்று கேட்டவர்களுக்கு அவள் பதில் சொல்லவில்லை. பதில் அனிதா மூலமாக வந்தது. யாரும் கேட்டிருக்கக்கூடாத பதில்.

அனிதா, நாகப்பனின் தம்பி சுரேஷின் பெண்டாட்டி. தலைப்பிரசவம். போன ஆடியில், நாள் இருக்கும்போதே வலி எடுத்துவிட்டது. அந்த நேரம் பார்த்துச் சாலை வேலைக்காரர்கள் பள்ளம் தோண்டியதில் கேபிள் அறுந்து, துரோபதையின் போன் ஊமையாகிக் கிடந்தது. சுரேஷ் செல்போனில் ஆஸ்பத்திரி வண்டிக்கு அடித்தான். தெலுங்கு வந்தது. எடுத்த பெண், மண்டலம் எது, ஜில்லா எது என்று தெலுங்கில் கேட்டாள். நண்டுமேட்டுச் செல்போனுக்கு ஆந்திரா கோபுரம்தான் பக்கம். அவசர எண்ணை அழுத்தினால் அழைப்பு எல்லை தாண்டிப் போய் விழுகிறது என்பது அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது. தெரிந்த தெலுங்கெல்லாம் பேசிப் பார்த்தான். மாற்றிக் கொடுக்கிறேன் என்றாள் அந்தப் பெண். மாற்றும்போது லைன் அறுந்தது. மீஞ்சூரில் கம்பெனி வேலைக்குப் போகிற மச்சானுக்குப் போட்டு, அவன் மூலமாகச் சொல்லிப் பார்த்தார்கள். நோயாளி பக்கத்தில் இருக்கிறீர்களா, மூச்சு எப்படி இருக்கிறது என்று அவனைக் கேட்டார்கள். மீஞ்சூரில் நிற்கிறவன் என்ன சொல்வான்?

மீன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அனிதா பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை.

அனிதா யாரையும் எதுவும் சொல்லவில்லை. ஒரு நாள் மட்டும், நண்டு ஆய்ந்துகொண்டே, தலை தூக்காமல் கேட்டாள்: "யக்கா, உன் போனு இருந்திருந்தா?"

துரோபதை மறுநாளே கிளம்பினாள். கட்டையை ஊன்றிக்கொண்டு பஸ் ஏறினாள். தொலைபேசிக்காரர்களின் அலுவலகத்தில் மாடிப்படி. கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறிப்போய் நின்றாள்.

"யாருமே பேசாத போனுக்கு ரிப்பேர் எதுக்கும்மா?" என்றார் மேஜைக்குப் பின்னால் இருந்தவர்.

"அவசரத்துக்கு சார். காசில்லாம பேச வுடணும், எந்நேரமும் வேல செய்யணும்னு நீங்கதான் போர்டு மாட்னீங்க. முடியாதுன்னு நான் சொன்னா போன எடுத்துடுவேன்னு சட்டம் சொன்னீங்க. இப்ப முடியாதுன்னு நீங்க சொல்றீங்களே, உங்களுது எத்த எடுக்கறது?"

அவர் சிரித்துவிட்டார். கெட்ட மனிதர் இல்லை. டீ வாங்கிக் கொடுத்தார். கேபிள் போடத் திட்டம் இல்லை என்றார். அடுத்த மாதம் போனாள். அதற்கடுத்த மாதமும் போனாள். மூன்றாவது தடவை வேறு ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவருக்கு நண்டுமேடு ஆந்திராவா தமிழ்நாடா என்றே தெரியவில்லை. "போன சரண்டர் பண்ணிடுங்கம்மா" என்றார்.

அவள் பண்ணவில்லை. ஆகவே அவர்களே எடுத்துக்கொள்ள ஆள் அனுப்பினார்கள்.

வந்தவன் ஜோயல். மீஞ்சூர்ப் பையன், கான்ட்ராக்ட் லைன்மேன், இடுப்பில் ஸ்க்ரூ டிரைவர் தொங்க பைக்கில் வந்து இறங்கினான். காலை வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நாகப்பனும் சுரேஷும் விடியலிலேயே வலைக்குப் போயிருந்தார்கள்.

"யக்கா, கோச்சிக்காத. பெட்டிய கழட்டினு வான்னு ஆர்டரு. நான் கூலிக்கு வர்ற ஆளு."

"கழட்டு. யாரு வேணான்னா? அந்த போர்ட மட்டும் தொடாத."

"போர்டு ஆர்டர்ல இல்லக்கா" என்றான் ஜோயல், தலையைச் சொறிந்துகொண்டு.

அவன் முதல் ஸ்க்ரூவைக் கழற்றிக்கொண்டிருந்தபோது கரைப் பக்கம் சத்தம் கேட்டது. துரோபதை கட்டையை எடுப்பதற்குள் சுரேஷ் மூச்சிரைக்க வந்து நின்றான். அவன் சட்டையெல்லாம் ரத்தம். அவனுடையது இல்லை.

"அண்ணி! அண்ணன திருக்க மீனு வாலால குத்திட்ச்சு அண்ணி! வல கம்ப புடுங்க இறங்குனாரு... தொடையில... முள்ளு உள்ளயே ஒடஞ்சி போச்சு. துணி கட்டியும் நிக்கமாட்டேங்குது!"

வாசலுக்கு எதிரே கரையில், படகின் பலகையில் நாகப்பன் கிடந்தான். கண் திறந்திருந்தது. பலகை இடுக்கில் தண்ணீர் சிவப்பாக அலைந்துகொண்டிருந்தது. அவன் உதடு வெளுத்திருந்ததைப் பார்த்ததும் துரோபதைக்கு அனிதாவின் கேள்வி வேறு குரலில் கேட்டது. இந்தத் தடவை கேட்டது அவளே.

மீன் வண்டி அப்போதுதான் கிளம்பிப் போயிருந்தது. சுரேஷ் செல்போனை அழுத்தினான். தெலுங்கு. ஜோயல் தன் செல்போனை அழுத்தினான். தெலுங்கு. அவன் போனைக் காதிலிருந்து எடுத்து உற்றுப் பார்த்தான்.

"இன்னாக்கா இது? எனக்கும் அந்த ஊருக்கே போவுது!"

"அதுக்குத்தான்டா நான் மாடிப்படி ஏறுனேன்!" துரோபதை கத்திய கத்தில் கரையில் காயப்போட்ட மீனைக் கொத்திக்கொண்டிருந்த காக்கைகள் எழுந்தன. அப்புறம் அவள் குரல் இறங்கி, கெஞ்சலாகிவிட்டது. "தம்பி, நைனா, உனக்குப் புண்ணியமா போவும். ஏதாவது பண்ணு. என் லைனு எங்க செத்து கீது, சொல்லு. உசுரோட ஒரு கம்பி கூடவா இல்ல?"

ஜோயல் ஸ்க்ரூ டிரைவரை இடுப்பில் செருகினான். பிறகு சாலைப் பக்கம் திரும்பினான். கேபிள் அறுந்தது ஊருக்கும் சாலைக்கும் நடுவில். சாலையோரத்தில், கம்பிகள் எல்லாம் வந்து சேர்கிற பச்சைத் தகரப் பெட்டி இருக்கிறதே, பில்லர், அதுவரைக்கும் லைன் வந்துகொண்டிருக்க வேண்டும். நம்பரை இன்னும் வெட்டவில்லை. பெட்டியை எடுத்த பிறகுதான் வெட்டுவார்கள்.

"ஏறுக்கா பைக்ல!"

கட்டையை எடுக்கக்கூட அவள் நிற்கவில்லை. சூம்பிய காலைக் கையால் தூக்கிப் போட்டு உட்கார்ந்தாள். பின்னால் சுரேஷும் ஆட்களும் நாகப்பனைப் பலகையோடு தூக்கிக்கொண்டு சாலையைப் பார்த்து ஓடிவந்தார்கள்.

பில்லர் கதவு துருப்பிடித்து இறுகியிருந்தது. ஜோயல் உதைத்துத் திறந்தான். உள்ளே பல்லி முட்டையும் கம்பிக் கற்றையும். இடுப்பிலிருந்த டெஸ்ட் போனின் இரண்டு கிளிப்பையும் ஒரு ஜோடிக் கம்பியில் மாட்டிக் காதில் வைத்தான். இல்லை. அடுத்த ஜோடி. இல்லை. துரோபதை பில்லரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றாள். வாய் பிள்ளையாரையும் மாதாவையும் மாறி மாறிக் கூப்பிட்டது. அடுத்த ஜோடி.

"டோன் இருக்குக்கா!"

போனை வாங்கி அழுத்தினாள். காசு இல்லாமலே போனது. "வணக்கம், சொல்லுங்க" என்றது ஒரு பெண் குரல், தமிழில்.

"நண்டுமேடு பப்ளிக் போன்" என்றாள் துரோபதை, பழக்கத்தில்.  "யம்மா, என் ஊட்டுக்காரரு... திருக்க குத்திட்ச்சும்மா... ரத்தம் நிக்கல..."

"பதறாதீங்கம்மா. எந்த இடத்துல?"

"மூணாம் பாட்டுல!"

"எங்கம்மா?"

"மூணாம் பாட்டுல தாயீ, மூணாம் பாட்டுல!"

"என்ன பாட்டும்மா?"

ஊரில் ஒருத்தர் விடாமல் கற்றுக்கொடுத்தவள் அவள். ஊரே சிரித்தபோது சிரிக்காமல் நின்றவள். இன்றைக்கு அவள் வாயிலும் அதே வார்த்தைதான் வந்து நின்றது. நாக்கு அதைத் தாண்டி வேறு இடத்துக்கு நகரவில்லை. நண்டுமேடு என்று முதல் வரியிலேயே சொல்லிவிட்டது அவளுக்கு நினைவில்லை. தாலுகா பேர் நினைவில்லை. அவள் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் இடுப்பளவுத் தண்ணீரும், நட்டுவைத்த கம்பும், அதன் பக்கத்தில் நின்ற நாகப்பனும்தான்.

பலகை வந்து சேர்ந்திருந்தது. பலகையிலிருந்து, கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு குரல் வந்தது.

"பாட்ட சொல்லாதடி... ஊர சொல்லு."

துரோபதை திரும்பிப் பார்த்தாள். அவன் கண் மூடியிருந்தது. உதடு மட்டும் அசைந்தது.

அவள் போனை வாயருகே வைத்தாள். "பாட்டு இல்லம்மா. எழுதிக்கோ. நண்டுமேடு. சுண்ணாம்புக்குளத்துக்குப் பக்கம். கும்மிடிப்பூண்டி தாலுகா. சாலை முடியற எடத்துல பச்சப் பெட்டி, அதுங்கிட்ட நிக்கறோம். திருக்க முள்ளு தொடையில ஒடஞ்சி உள்ள கீது. நெனவு இருக்கு. சீக்கிரம் வா தாயீ."

"வண்டி கிளம்புதும்மா. முள்ளைப் பிடுங்காதீங்க. காயத்துக்கு மேல அழுத்திப் பிடிங்க. டிரைவர் வழி கேட்டு இதே நம்பருக்குக் கூப்பிடுவார். லைனை விட்டுப் போயிடாதீங்க."

அவள் தரையில் சரிந்து, நாகப்பனின் தொடைமேல் இரண்டு கையையும் வைத்து, உடம்பின் மொத்தக் கனத்தையும் அதன்மேல் போட்டாள். விரலிடுக்கில் சூடாக வந்துகொண்டே இருந்தது. சுரேஷ் சாலையின் நடுவில் நின்று, எதுவுமே இல்லாத தூரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். நேரம் போகவில்லை. நாகப்பனின் கை பலகையின் விளிம்பைப் பிடித்திருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக விரல்கள் தளர்ந்தன.

"யோவ். யோவ்! பேசுய்யா. காசில்லாமலே பேசுவியே, இப்ப இன்னா வந்துச்சு உனக்கு? பேசுய்யா!"

டெஸ்ட் போன் மணி அடித்தது. துரோபதையால் கையை எடுக்க முடியாது. எடுத்தால் ரத்தம். ஜோயலைப் பார்த்தாள். பெட்டியைக் கழற்ற வந்தவன், தொண்டையைக் கனைத்துக்கொண்டு எடுத்தான்.

"நண்டுமேடு பப்ளிக் போன்" என்றான்.

வண்டிக்காரர் சுண்ணாம்புக்குளம் தாண்டிப் பிரிகிற இடத்தில் நின்றிருந்தார். எந்தப் பக்கம் என்று கேட்டார். வழி விசாரித்தே வந்து சேர்ந்த ஜோயலுக்குச் சொல்லத் தெரியவில்லை. துரோபதை தரையிலிருந்து கத்த, அவன் அதை அப்படியே போனில் கத்தினான். கோயிலை விட்டுட்டு வலப்பக்கம், சவுக்குத் தோப்பு, அப்புறம் நேரா, எங்கயும் திரும்பாதீங்க. அந்தச் சத்தம் அடங்குவதற்குள் தூரத்தில் சைரன் கேட்டது. சுரேஷ் தலையில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தான்.

வண்டியில் அவளையும் தூக்கி ஏற்றினார்கள். கட்டை ஊரிலேயே கிடந்தது. கதவு சாத்தும்போது நாகப்பன் கண்ணைத் திறந்து, எங்கேயோ பார்த்துக்கொண்டு, "காசு வுழுந்துச்சா?" என்றான்.

"வுழல" என்றாள். "இது வுழாத போனு. பேசினே இரு."

நாகப்பன் உயிரோடு திரும்பி வந்தான். ஆனால் தொடை நரம்பு போய்விட்டது. இடுப்பளவுத் தண்ணீரில் இனி அவனால் நிற்க முடியாது. அடுத்த சீட்டில் விழுந்த பாட்டை சுரேஷ் தனியாகப் பார்க்கிறான். வீட்டில் இப்போது கட்டைகள் இரண்டு, சுவரில் பக்கத்துப் பக்கத்தில் சாய்ந்திருக்கும். நொண்டி நாகப்பன் என்று ஒரு பயல் சொல்லி, அனிதாவிடம் அறை வாங்கினான்.

சிவப்புப் பெட்டியை ஜோயல் அன்றைக்கே கழற்றிக்கொண்டுதான் போனான். ஆர்டர் ஆர்டர்தான், அவனுக்கும் பிழைப்பு இருக்கிறது. ஆனால் ஒரு வாரம் கழித்து, வேலை இல்லாத நாளில், தானாகவே வந்தான். பையிலிருந்து ஒரு பழைய போனை எடுத்தான். அதன் வயர் நுனியில் இரண்டு கிளிப் இருந்தது.

"பெட்டிய எடுன்னுதான்க்கா ஆர்டரு. பில்லர்ல ஜோடிய புடுங்குன்னு யாரும் சொல்லல. நானா எதுக்குப் புடுங்கறேன்?" என்றான். குரலைத் தாழ்த்திக்கொண்டான். "ஆனா ஆபீஸ்ல என்னிக்கு ஞாபகம் வந்து நம்பர வெட்டுவானோ, தெரியாது. வெட்டிட்டா அதோட சரி."

துரோபதை மறுபடியும் அந்த மாடிப்படி ஏறினாள். நாகப்பனும் கூட ஏறினான். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அதான் ஆள் பொழைச்சிட்டாரே" என்றார்.

ஆகவே இப்போது ஊரில் ஒரு புது வழக்கம். வலைக்குப் போகிறவர்கள் கிளம்புவதற்கு முன்னால், போன் துரோபதை கட்டையை ஊன்றிக்கொண்டு சாலைக்குப் போகிறாள். பில்லர் கதவைத் திறந்து, ஜோயல் சிவப்புத் துணி கட்டிக் காட்டிய ஜோடியில் கிளிப்பை மாட்டி, காதில் வைக்கிறாள். கரையில் படகைத் தள்ளக் கை வைத்தபடி ஆண்கள் அவளையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். வயிறு தள்ளிக்கொண்டு அனிதாவும் வாசலில் நின்று பார்க்கிறாள். மறுபடி முழுகாமல் இருக்கிறாள்.

டோன் இருந்தால் துரோபதை கையைத் தூக்குகிறாள். படகுகள் போகின்றன.

இன்றைக்கும் தூக்கினாள்.